கடற்கரைச் சைக்கிளுக்கு ஒரு புது ஃபோர்க்

சாண்டா மோனிகாவுக்குச் சற்று வடக்கே தொடங்கி டாரன்ஸ் வரை, பசிபிக் கரையை ஒட்டி 22 மைல் ஓடுகிறது ஒரு சைக்கிள் பாதை. பலத்த காற்று வீசிய மறுநாள் காலையில் அதன்மேல் மணல் மெல்லிய பாய்போல் விரிந்து கிடக்கும். சென்ற மாதம் அந்த மணலில் தடித்த டயர் கொண்ட என் பழைய குரூஸர் சைக்கிளின் முன்சக்கரம் வழுக்கி, பாதையோரத் தாழ்சுவரில் நேராக மோதியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. வீட்டுக்கு உருட்டிவந்து பார்த்தபோதுதான், முன்சக்கரத்தைக் கவைபோல் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் பின்னோக்கி மடங்கி, டயருக்கும் ஃபிரேமின் கீழ்க்குழாய்க்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடமே மிஞ்சியிருப்பது தெரிந்தது.

இப்படி மோதிய சைக்கிளுக்குப் புது ஃபோர்க் தேடுவதற்கு முன் ஃபிரேமைத் தடவிப் பார்க்க வேண்டும். ஹேண்டிலைத் தாங்கும் முன்குழாயோடு கீழ்க்குழாய் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினால், ஃபிரேம் அடிவாங்கியிருந்தால் புடைப்போ பெயின்ட் சுருக்கமோ தட்டுப்படும். தட்டுப்பட்டால் எந்த ஃபோர்க்கும் அந்த வண்டியைக் காப்பாற்றாது. என் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

1933இல் ஷ்வின் நிறுவனம் தடித்த பலூன் டயரை அமெரிக்கச் சைக்கிளில் பொருத்தியதிலிருந்து குரூஸரின் முன்சக்கர அளவு பெரிதாக மாறவில்லை: 26 அங்குலம், 2.125 அங்குல டயர். ஆகவே '26 அங்குலச் சக்கரத்துக்கானது, ஒரு அங்குல மரைக் குழாய்' என்று எழுதியிருந்த முதல் ஃபோர்க்கையே யோசிக்காமல் வாங்கிவிட்டேன். இந்தக் குழாய் ஃபோர்க்கின் தலையிலிருந்து கிளம்பி ஃபிரேமின் முன்குழாய்க்குள் ஏறி நிற்பது; அதன் மேல்முனையில் திருகுமரை இருக்கும். மரை சரியாக இருந்தது, அங்குலத்துக்கு 24 என்னும் வழக்கமான கணக்குதான். ஆனால் ஹேண்டிலைத் தாங்கும் தண்டான என் பழைய ஸ்டெம்மை அந்தக் குழாய்க்குள் இறக்கியதும் அது கிணற்றில் விட்ட கரண்டிபோல் ஆடியது. வெர்னியர் காலிப்பரை வைத்த பிறகே விஷயம் விளங்கிற்று. இரு பெடல்களின் கைகளும் நடு அச்சும் ஒரே வளைந்த கம்பியாக வரும் பழைய அமெரிக்கக் குரூஸர்கள் பலவற்றில் அந்தக் குழாயின் உள்விட்டம் 21.1 மி.மீ.; மற்ற சைக்கிள்களின் ஒரு அங்குலக் குழாயிலோ 22.2 மி.மீ. வெளியே இரண்டும் ஒன்றே என்பதால், விற்பவர்களும் வாங்குபவர்களும் இந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்டுகொள்வதில்லை. இடைவெளியில் குளிர்பானத் தகரத்தைச் சுற்றிச் செருகும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். ஹேண்டிலை நம்பி உயிரை வைத்திருக்கும் இடத்தில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 22.2 அளவில் வேறொரு ஸ்டெம் வாங்கினால் தீரும் குறைதான். ஆனாலும் அந்த ஃபோர்க்கை நான் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் வேறு.

அது ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் ஃபோர்க். அச்சிலிருந்து ஃபோர்க்கின் தோள்வரை அதன் உயரம் 430 மி.மீ. என் பழையதன் உயரம் எவ்வளவு என்று அளக்கப் போனால், வளைந்த ஃபோர்க் தன் பழைய அளவை எப்படிச் சொல்லும்? இரண்டு ஆண்டுகளுக்கு முன் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, நேர்பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் இருந்தது. ரிம்மில் டயரின் விளிம்பு அமரும் வட்டம் 559 மி.மீ. என்பது உறுதியான அளவு. அதையே அளவுகோலாக வைத்து, திரையில் ஸ்கேலால் அளந்து கணக்கிட்டதில் உயரம் சுமார் 380, குழாயின் நேர்க்கோட்டிலிருந்து அச்சு முன்னே தள்ளியிருக்கும் தூரம் சுமார் 55 என்று வந்தது. முன்பக்கம் 50 மி.மீ. உயர்ந்தால், என் வண்டியைப் போல் இரு அச்சுகளுக்கும் நடுவே 112 செ.மீ. உள்ள சைக்கிளில், ஹேண்டில் குழாயின் சாய்வு 68 பாகையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை பாகை படுத்துவிடும். குழாயின் கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம் 75 மி.மீ. இலிருந்து 91 வரை போகும். நேராக வேகமாகப் போகும்போது இது நிதானத்தைத் தரும். நாய்களும் குழந்தைகளும் குறுக்கிடும் பாதையில் நடைவேகத்தில் போகிறவனுக்கோ, திருப்பும்போதெல்லாம் முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். பருத்த டயரே எனக்குப் போதுமான சஸ்பென்ஷன்.

வெளியே தெரியும் ஸ்பிரிங்கோடு வரும் பழைய பாணி ஸ்பிரிங்கர் ஃபோர்க்கின் மேலும் கண் போயிற்று. அழகுக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் உப்புக்காற்றில் அத்தனை மூட்டுகளையும் துடைத்து எண்ணெய் விடும் பொறுமை என்னிடம் இல்லை.

கடைசியில் வாங்கியது சாதாரண எஃகு ஃபோர்க்: உயரம் 385, தள்ளல் 50, உள்விட்டம் 22.2, கூடவே புது ஸ்டெம். சக்கர அச்சு அமரும் இடைவெளி 100 மி.மீ., அதில் சிக்கல் இல்லை. பழைய வண்டியில் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின்பிரேக் மட்டுமே உண்டு என்பதால், முன்பிரேக் பொருத்தும் குமிழ்கள் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். அந்தச் சுவர் நினைவிருந்தது.

குழாய் நீளத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கிடைத்தது. பழையது 160 மி.மீ., இது 165. நீளமானதை வாங்கி வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், மரை எதுவரை இறங்கியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வெட்டியபின், பால்ரஸை மேலிருந்து மூடும் மேல் கப்பைத் திருக மரையே மிஞ்சாமல் போகலாம். மரை மிகவும் கீழே இறங்கினாலும் ஆபத்துதான், ஏனெனில் ஸ்டெம்மைக் குழாய்க்குள் இறுக்கும் ஆப்பு மெலிந்த மரைப்பகுதியில் விரிந்தால் குழாய் பிளக்கக்கூடும்.

பொருத்திய அன்று மாலை ஹேண்டில் கரகரவென்று சிக்கியது. முன்குழாயின் அடியிலுள்ள கீழ்க்கப்பில் பால்ரஸ் கூட்டைத் தலைகீழாக வைத்திருந்தேன். மறுபடி கழற்றி, கிரீஸ் தடவி, கூட்டைத் திருப்பி வைத்ததும் ஒற்றை விரலுக்கே திரும்பியது. ரம்பத்தை எடுக்கவில்லை, கூடுதலான 5 மி.மீ.க்கு எல்லாவற்றுக்கும் மேலே இறுக்கும் லாக் நட்டின் அடியில் ஒரு வளையம் போட்டிருக்கிறேன்.