ஸ்பிட்ஃபயருக்குப் புது ஹோஸ்

என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் பெட்ரோல் லைன் வேலை ஒருவழியாக முடிந்தது. பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் உப்பிப்போய், தொட்டால் விரலில் மை மாதிரி ஒட்டியது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. அதனால் எத்தனாலைத் தாங்கும் விட்டான் (Viton) ரப்பர் ஹோஸ், பம்புக்குப் புது டயாஃப்ரம், இரண்டு எஸ்யூ (SU) கார்புரேட்டருக்கும் ஊசி வால்வு எல்லாம் புதுசாகப் போட்டாச்சு.

வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி அடியில் எட்டிப் பார்த்ததுமே, "தம்பி, இது நம்ம ஹெரால்டு சேசிஸ்லா!" என்றார். சரியான கண்ணு! சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு இது உறவுக்காரன்தான். ஹெரால்டின் சேசிஸை (அடிச்சட்டத்தை) வெட்டிக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் வந்தது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் டேங்கையும் கழுவிவிடுங்கள். எத்தனால் உள்ளே படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வந்து கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்துவிடும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் வரை ஒரு ஓட்டம். வருகிறவர்கள் சொல்லுங்க, ஒரு சீட்டுதான் காலி.