சேர் அளக்கச் சொன்ன புல்

எங்கள் விலங்கியல் சேருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜன்னல் வழியாக வண்ணத்துப்பூச்சி ஒன்று ஆய்வுகூடத்துக்குள் வந்து, வகுப்பே தலை நிமிர்த்தினால், "மேலே என்ன பார்வை? அது எந்தச் செடியில் முட்டையிட்டது என்று போய்ப் பார்" என்று வெளியே அனுப்பிவிடுவார். மைதானத்து ஓரப் புதர்களுக்குள் அடிமட்டத்தோடு குந்தியிருந்து, புல்லின் உயரத்தையும் அளந்து கொப்பியில் எழுதவேண்டும். எதற்கு என்று கேட்டவனுக்கு இரண்டு மடங்கு வேலை.

ஓய்வுபெற்ற பின் இங்கிலாந்தின் சமர்செட்டில், தெற்கு நோக்கிய குன்றுச் சரிவொன்றில் தொண்டனாக அதே வேலையைத்தான் செய்கிறேன். லார்ஜ் புளூ என்ற நீல வண்ணத்துப்பூச்சிக்காக. பெயரில்தான் பெரியது, சிறகை விரித்தாலும் ஐந்து சென்ரிமீற்றர் வராது.

1979 இல் அது பிரித்தானியாவில் அற்றுப்போனது. வலையோடு அலைந்த சேகரிப்பாளர்கள்மேல்தான் நெடுங்காலம் பழி கிடந்தது. முன்பு ஓரிடத்தில் அவர்களைத் தடுக்க வேலியே அடைத்தார்கள். வேலி மாட்டையும் சேர்த்துத் தடுத்தது. புல் வளர்ந்தது, பூச்சி போயிற்று. 1950களில் மிக்ஸோமாடோசிஸ் நோய் முயல்களைக் கொன்று குவித்ததும், மற்ற இடங்களிலும் புல்லைக் கடிக்க ஆளில்லை.

புதிரை அவிழ்த்தவர் பூச்சியியலாளர் ஜெரமி தாமஸ். 1970களில், கடைசியாக எஞ்சியிருந்த கூட்டத்தோடு இருந்து கவனித்தார். இதன் புழு தைம் என்ற சிறு வாசனைச் செடியின் பூவைச் சில வாரங்கள் தின்றுவிட்டு நிலத்தில் விழுகிறது. இனிப்பு நீரைச் சுரந்து செவ்வெறும்பை வரவழைத்து, உடலை உப்பவைத்து நிமிர்கிறது. எறும்போ தன் கூட்டுப் புழுதான் தவறி வெளியே கிடக்கிறது என்று எண்ணிப் புற்றுக்குள் தூக்கிப்போகிறது. உள்ளே பத்து மாதமளவில் எறும்பின் புழுக்களையே தின்று கொழுக்கிறது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதான், ஆனால் எனக்கு அந்தக் கடாவின்மேல் கோபம் வரவில்லை.

எந்த எறும்பும் சரிவராது. மிர்மிகா சபுலெட்டி என்ற இனத்தின் புற்றில்தான் அது நன்றாகப் பிழைக்கும். அந்த எறும்புக்கோ வெயில் சுடும் மண் வேண்டும். புல் மூன்று சென்ரிமீற்றரைத் தாண்டி வளர்ந்தாலே மண் குளிர்ந்து, வேறு எறும்பு குடியேறிவிடும். இது தெளிவானபோது பூச்சி கைநழுவியிருந்தது. பிறகு மேய்ச்சலைத் திருப்பிக் கொண்டுவந்து, புதர் வெட்டி நிலத்தைச் சீராக்கினார்கள். 1980களில் சுவீடனிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். கொலார்ட் ஹில் என்ற குன்றுக்கு இப்போது ஜூனில் அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள்.

எங்கள் பங்கு குளிர்காலப் புதர்வெட்டு. முள் ஏறிய என் இடது பெருவிரல் இன்னும் மழைக்கு வலிக்கும்.

சென்ற ஜூனில் ஒரு பெண் பூச்சி என் முழங்காலுக்கு அருகே தைம் பூவில் வந்து அமர்ந்தது. வயிற்றின் நுனியை வளைத்து, மொட்டுகளின் இடுக்கில் நுழைத்து, ஒரு கணம் அசையாமல் நின்றது. அது பறந்த பின் குனிந்து பார்த்தேன்: ஊசிமுனையளவில் ஒரு வெண்புள்ளி. பக்கத்தில் அடிமட்டத்தை ஊன்றி, தாளில் 2.5 என்று எழுதினேன்.

புதிதாக வந்திருந்த பையன் ஒருவன், புல்லை எதற்கு அளக்கிறோம் என்று கேட்டான். இரண்டு மடங்கு வேலை கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.