அடிக்கடி சூடேறி நிற்கும் பழைய பாய்லர்: இதுவரை செய்தது

வீட்டைச் சூடாக்கும் எங்கள் பாய்லர் பழைய வார்ப்பிரும்பு மாடல், கேஸில் ஓடுவது. கொஞ்ச காலமாக ஒரே தொல்லை. பர்னர் பற்றிய சில நிமிடங்களில் வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸைத் தாண்டும், லிமிட் ஸ்விட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ரீசெட் பட்டனை அழுத்தினால் ஓடும், மறுபடி நிற்கும். இத்தனைக்கும் அறைகளில் சூடு தரும் ரேடியேட்டர்கள் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன.

இந்த ஸ்விட்சை ஒரு ஒயரால் இணைத்துவிட்டால் பாய்லர் நிற்காமல் ஓடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மூடிய பாய்லருக்குள் தண்ணீர் ஆவியாகிப் பிரஷர் ஏறாமல் காப்பதே அதுதான். பர்னர், கேஸ் வால்வு, புகைபோக்கி இவற்றிலும் நான் கை வைக்கவில்லை. எரிப்பு கெட்டால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. உரிமம் பெற்ற டெக்னீஷியன் வந்து பார்த்து எரிப்பு சரியாக இருக்கிறது என்றார். ஆக, தேட வேண்டியது தண்ணீர்ப் பக்கம்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்து பார்த்தேன். பாய்லரிலிருந்து வெளியே போகும் குழாயிலும் திரும்பி வரும் குழாயிலும் ஆளுக்கொரு வெப்பமானியைக் கட்டினேன். போவது 88, திரும்புவது 40. இந்த மாதிரி பழைய அமைப்புகளில் இரண்டுக்கும் இடையே 11 முதல் 20 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் சரி. இங்கே 48!

இந்த ஒரு எண்ணே பாதி வேலையை முடித்துவிடுகிறது. 20 கிலோவாட் சூட்டை 20 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்கு சுமார் 14 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். ஓட்டம் பாதியானால் வித்தியாசம் இரண்டு மடங்காகும். அதாவது நெருப்பு அளவோடுதான் எரிகிறது, உண்டாகும் சூட்டை எடுத்துப்போகத் தண்ணீர் போதவில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் பாய்லர் தெர்மோஸ்டாட் பழுதாகி அளவுக்கு மீறி எரியவிட்டிருந்தால் இரண்டு குழாயுமே சேர்ந்து சுட்டிருக்கும். பாய்லர் முகப்பில் உள்ள மீட்டரும் என் வெப்பமானியும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டின, அதனால் தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டேன். பிரஷர் ஆறியபோது 1.2 பார், சூட்டில் 1.8, சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டியிலும் குறை இல்லை. ரேடியேட்டர்களில் காற்றைத் திறந்துவிட்டேன், கொஞ்சம்தான் வந்தது.

அடுத்தது தண்ணீரைச் சுற்றி ஓடவிடும் பம்ப். 'உம்' என்று சத்தம் வருகிறது, உடம்பு சுடுகிறது, ஆனால் சுழல்கிற உணர்வு இல்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நடுவில் உள்ள பெரிய திருகைக் கழற்றி, உள்ளே தெரியும் தண்டை ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் தண்ணீர் கசியும், துணி வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரின் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கிறது, மல்டிமீட்டர் 1.4 காட்டியது. அதே அளவில் புதியது போட்டதும் பம்ப் தயங்காமல் கிளம்பியது. வித்தியாசம் 30 டிகிரிக்கு இறங்கியது. முன்னேற்றம்தான், ஆனால் போதாது.

கீழ்த்தள ரேடியேட்டர்கள் மேலே சூடாகவும் அடியில் சில்லென்றும் இருந்தன. அப்படியென்றால் அடியில் வண்டல். ஒரு ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது மை போலக் கறுப்பாகக் கொட்டியது. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொண்டது, இரும்பு அரித்து உண்டாகும் மேக்னடைட். சுத்தம் செய்யும் திரவத்தைக் கலந்து சில நாள் ஓடவிட்டேன். அப்புறம் ஒரு ரேடியேட்டரை மட்டும் திறந்து மற்றதை மூடி, தண்ணீர் தெளிவாக வரும் வரை ஒவ்வொன்றாக அலசினேன். அலுப்பான வேலை, ஆனால் இதில்தான் உண்மையான பலன் கிடைத்தது. திரும்பும் குழாயில் ஒரு காந்த வடிகட்டியும் மாட்டி, துருத் தடுப்பு மருந்தும் ஊற்றியாயிற்று. இப்போது வித்தியாசம் 17 டிகிரி.

சரி, முடிந்தது என்று பார்த்தால் எப்போதாவது இன்னும் நின்றது. கவனித்ததில் அது எரியும்போது நடக்கவில்லை, அறை தெர்மோஸ்டாட் அணைத்த பிறகு நடக்கிறது. பர்னரோடு பம்பும் உடனே நின்றுவிடுகிறது. கனமான வார்ப்பிரும்பில் மிச்சமிருக்கும் சூடு அசையாத தண்ணீரில் இறங்கி லிமிட்டைத் தட்டிவிடுகிறது. பர்னர் அணைந்த பிறகும் பம்பைச் சில நிமிடம் ஓடவிடும் டைமர் ரிலே ஒன்றை எலக்ட்ரீஷியன் சேர்த்துக் கொடுத்தார். மற்ற ரேடியேட்டர்களின் வால்வு எல்லாம் மூடிக்கொண்டாலும் தண்ணீர் போக வழி வேண்டுமே, அதற்காகக் குளியலறை ரேடியேட்டரை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு ரீசெட் பட்டனைத் தொடவில்லை. பாக்கி இருப்பது பாய்லருக்குள் கேட்கும் லேசான கொதி சத்தம். உள்சுவரில் படிந்த சுண்ணாம்புக்கு அடியில் தண்ணீர் அங்கங்கே ஆவியாகிக் குமிழ் உடைவதால் வருவது அது. வார்ப்பிரும்புக்கு ஏற்ற கரைப்பானாகப் பார்க்க வேண்டும், கடும் அமிலம் இரும்பையே தின்றுவிடும். குளிர் விட்டதும் அந்த வேலை.