காலெரிவுக்கு எதற்கு வலிப்புக் குளிசை?

சுன்னாகத்தில் ஒரு பாமசியில் மருந்தாளராக இருக்கிறேன். காலெரிவுக்குக் கபாபென்ரின் எழுதிய துண்டோடு வந்து மருந்து எடுத்துப் போகிறவர்களில் பலர் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திரும்பி வந்துவிடுகிறார்கள். கையில் குளிசை அட்டை, முகத்தில் கோபம். "பிள்ளை, எனக்கு வலிப்பு வந்ததே இல்லை. மகன் இன்ரநெற்றில் பார்த்துவிட்டுச் சொன்னான், இது வலிப்புக் குளிசையாம்." அமிற்றிப்ரிலின் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மருந்து என்று யாராவது காதில் போட்டுவிட்டால், "டொக்டர் எனக்கு விசர் என்று நினைத்துவிட்டாரா?" என்று கேட்கிறார்கள். பிறகு அந்த அட்டை அலுமாரிக்குள் போய்விடும். அவர்கள் மறுபடியும் பனடோலுக்கும் டைக்குளோபெனக்குக்கும் திரும்பிவிடுவார்கள். வரிசை நிற்கும்போது இதையெல்லாம் விளக்க நேரம் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

காலில் முள் ஏறினால் நோகிறது. முள்ளை எடுத்தால் அந்த நோவு அடங்கிவிடும். காலெரிவு போன்ற நரம்பு நோவு அப்படிப்பட்டதல்ல. செய்தி கொண்டுபோகிற நரம்பே பழுதாகி, காயம் எதுவும் இல்லாத இடத்திலிருந்து நோவை மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கள்ளன் வராமலே விடிய விடியக் குரைக்கிற நாயைப் போல. வீக்கத்துக்கும் காயத்துக்கும் உதவுகிற மருந்துகள் இதற்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. டைக்குளோபெனக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் எரிவு குறையாததோடு, ஏற்கெனவே சீனி வருத்தத்தால் நொந்திருக்கிற சிறுநீரகத்தையும் அது பதம் பார்த்துவிடும்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் சீனி வருத்தக்காரர்தான் அதிகம். அக்கி வந்து ஆறிய பிறகும் விலாப்புறம் எரிகிறவர்கள், புற்றுநோய் மருந்து ஏற்றியபின் விரல் நுனிகள் விறைத்தவர்கள், நீண்ட காலம் குடித்தவர்கள், ஷெல் துண்டு நரம்பை அறுத்துப்போனவர்கள் என்று மற்றவர்களும் இருக்கிறார்கள்.

வைத்தியர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட, உரும்பிராயில் இருக்கிற என் மாமியோடு போனபோது நன்றாக விளங்கிக்கொண்டேன். மாமி வெங்காயத் தோட்டத்திலேயே வாழ்ந்தவர். இரவானால் போர்வை காலில் படக்கூடாது. வெறும் சீமெந்துத் தரையில் பாதங்களை வைத்துக்கொண்டு விடியும்வரை இருப்பார். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனோம். அந்த இளம் வைத்தியர் முதலில் வெறும் கேள்விகளாகவே கேட்டார். எரிகிறதா, குளிர்ந்து நோகிறதா, மின்சாரம் அடித்ததுபோல் வெட்டுகிறதா, ஊசி குத்துகிறதா, எறும்பு ஊர்கிறதா, விறைக்கிறதா, கடிக்கிறதா? எந்த இடத்தில் தொடங்கியது, எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது? இந்தக் கேள்விகளோடு தொட்டுப் பார்க்கும் சில சோதனைகளையும் சேர்த்துப் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. பிரான்ஸ் வைத்தியர்கள் 2005 இல் வெளியிட்டது. பத்தில் நான்கோ அதற்கு மேலோ பொருந்தினால் நரம்பு நோவாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

பிறகு கட்டிலில் படுக்க வைத்தார். "அம்மா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் தொடும்போது 'ஓம்' என்று சொல்லுங்கள்." ஒரு தடித்த நைலோன் நூலை எடுத்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது அது. பெருவிரலின் அடியில் வைத்து அழுத்தினார், நூல் வில்லாக வளைந்தது. மாமி பேசவில்லை. பாதத்தின் முன்பகுதியில் வைத்தார். சின்ன விரலுக்குக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே மாமி கேட்டார்: "தம்பி, எப்போது தொடங்கப் போகிறீர்கள்?"

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. வெறுங்காலோடு தோட்டத்துக்குள் நடக்கிற மனுஷி அவர். அடுத்ததாக, அடித்தால் அதிர்கிற 128 ஹேட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு நின்றுவிட்டது என்று மாமி சொன்ன பிறகும் அது வைத்தியரின் விரலில் அதிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு பஞ்சுத் துண்டால் கணைக்காலை மெல்லத் தடவினார். நூல் குத்தியதை அறியாத அதே கால், பஞ்சு பட்டதும் துடித்து விலகியது. உணர்வு குறைந்த காலே நோகவும் செய்வது, மெல்லிய தொடுகைகூட எரிவது, இரண்டு காலிலும் காலுறை போட்ட அளவுக்கு ஒரேமாதிரி ஏறியிருப்பது: இவை சேர்ந்தால் வைத்தியருக்குப் பெரும்பாலும் போதும். உடலில் மிக நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால்தான் பாதத்தில் தொடங்குகிறது.

நரம்பு மின்சோதனை செய்யவில்லையே என்று வெளியே வந்ததும் என் கணவர் குறைப்பட்டார். அந்தச் சோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிவைக் கொண்டுபோகிற மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் அறிக்கை 'சாதாரணம்' என்றே வரக்கூடும். ஒரு காலில் மட்டும் நோ, விரைவாகப் பலம் குறைவது, சிறுநீர் போவது தெரியாமற் போவது போன்ற மாறுபாடு இருந்தால் மேலும் சோதனைகள் தேவை, அதுவும் தாமதமில்லாமல். தோலில் உணர்வில்லாத வெளிர்ந்த படை இருக்கிறதா, முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்றும் வைத்தியர் தடவிப் பார்த்தார். தொழுநோய் இன்னும் எங்கள் நாட்டை விட்டுப் போய்விடவில்லை.

இரத்தத்தில் மூன்று மாதச் சீனிக் கணக்கு, தைரொயிட், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேற்றினின், பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். சீனி வருத்தத்துக்கு நீண்ட காலம் மெற்போமின் குடிக்கிறவர்களுக்கு உடல் பி12 ஐ உறிஞ்சுவது குறையலாம். மாமிக்கும் குறைந்துதான் இருந்தது, ஊசி தொடங்கினார்கள். ஆனால் பி12 குறையாதவர்களுக்கு 'நரம்புச் சத்து' என்று விற்றமின் அட்டைகளை வாங்கிக் குவிப்பதில் பயன் இல்லை. விற்றமின் பி6 ஐ அளவுக்கு மீறி நெடுங்காலம் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும், பக்கத்துக் கடையில் போய் வாங்கிவிடுகிறார்கள்.

இனி மருந்துக்கு வருகிறேன். அமிற்றிப்ரிலின் 1961 இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்காக அனுமதி பெற்றது உண்மை. கபாபென்ரின் 1993 இல் வலிப்புக்காக அனுமதி பெற்றதும் உண்மை. ஆனால் மூளையிலிருந்து முள்ளந்தண்டுக்கு இறங்கி நோவை அடக்குகிற பாதை ஒன்று நம் எல்லோருக்கும் இருக்கிறது. அமிற்றிப்ரிலினும், மனச்சோர்வுக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான டியுலொக்செற்றினும் அந்தப் பாதைக்கு வலுச்சேர்க்கின்றன. கபாபென்ரினும், அதே வகையைச் சேர்ந்த பிரெகபலினும் நரம்பு முனையிலுள்ள கல்சியம் வாயில்களில் ஒட்டிக்கொண்டு, நோவுச் செய்தி அளவுக்கு மீறிப் பாய்வதைக் குறைக்கின்றன. மனச்சோர்வு இல்லாதவருக்கும் இந்தப் பலன் கிடைக்கும். மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படுகிற அமிற்றிப்ரிலின், காலெரிவுக்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குகிறது. உங்கள் துண்டில் 10 என்று இருந்தால், வைத்தியர் உங்கள் நரம்பைத்தான் நினைத்து எழுதியிருக்கிறார்.

அந்தச் சின்ன அளவு வெறும் தொடக்கம். முதற் கிழமையில் நோ குறையவில்லை என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. முதல் நாட்களில் வருவது பக்கவிளைவு: வாய் உலர்தல், தூக்கம், மலச்சிக்கல். பலன் அதற்குப் பிறகுதான் வரும். அளவைப் படிப்படியாக உயர்த்தி, தாங்கக்கூடிய போதிய அளவில் சில கிழமைகள் இருந்து பார்த்தால்தான் அந்த மருந்து உதவுமா இல்லையா என்று சொல்லமுடியும். கபாபென்ரினும் 300 மில்லிகிராமில் தொடங்கி, சிலருக்கு நாளொன்றுக்கு 1800 மில்லிகிராமுக்கு மேலும் போகவேண்டியிருக்கும். படுக்கும் நேரத்துக்குக் காத்திராமல் இரவு எட்டு மணியளவில் அமிற்றிப்ரிலினைக் குடித்தால் காலை மந்தம் குறையும் என்று நான் சொல்வதுண்டு.

வயதானவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். புரொஸ்றேற் வீங்கியவருக்கு அமிற்றிப்ரிலின் சிறுநீரை அடைத்துவிடலாம். கண்ணழுத்தமோ இருதயத் துடிப்புக் கோளாறோ உள்ளவருக்கு வைத்தியர் வேறொன்றைத் தேடுவார். கபாபென்ரினும் பிரெகபலினும் ஏறக்குறைய முழுவதுமே சிறுநீரகத்தால்தான் வெளியேறுகின்றன. கிரியேற்றினின் கூடியிருக்கிறவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் தலைசுற்றி விழுந்துவிடுவார். எங்கள் பழைய வீடுகளில் கழிப்பறை வளவின் கோடியில் இருக்கிறது. இரவில் எழும்பிப் போகிற அம்மாவுக்கு ஒரு லைற்றும், பிடித்துக்கொள்ள ஒரு கையும் தேவை.

எல்லோருக்கும் எல்லாம் வேலை செய்வதுமில்லை. 2015 இல் லான்செற் நியூரோலஜி சஞ்சிகையில் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையால் வரும் ஆறுதலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அமிற்றிப்ரிலின் வகையில் ஏறக்குறைய நான்கு பேருக்கு ஒருவருக்கும், பிரெகபலினில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஒருவருக்கும் நோ பாதியாகக் குறைந்தது. 2022 இல் லான்செற்றில் வந்த பிரித்தானிய ஆய்வு நீரிழிவு நரம்பு நோக்காரர்களை வைத்தே செய்யப்பட்டது. அமிற்றிப்ரிலின், டியுலொக்செற்றின், பிரெகபலின் எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்றும், ஒன்று போதாதபோது இரண்டாவதைச் சேர்த்தால் நோ மேலும் குறைகிறது என்றும் அது காட்டியது. ஆகவே வைத்தியர் மருந்தை மாற்றினால், அவர் தடுமாறுகிறார் என்று நினைக்காதீர்கள். வழி அதுதான். நோ முழுதாகப் போய்விடும் என்று நானும் யாரிடமும் சொல்வதில்லை. மாமி இப்போது போர்வை போர்த்துக்கொண்டு தூங்குகிறார். எரிவு இருக்கிறது, ஆனால் பாதிக்குக் குறைந்துவிட்டது என்கிறார்.

முகத்தில் வருகிற நரம்பு நோ வேறு கதை. முகம் கழுவும்போதும் பல் துலக்கும்போதும் மின்னலாக வெட்டும். பல் நோ என்று நல்ல பல்லைப் பிடுங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். அதற்கு முதல் மருந்து கார்பமசெப்பின். குடிக்கத் தொடங்கிய முதல் மாதங்களில் காய்ச்சலோடு தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அதே நாளில் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

அக்கி கண்டால் 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் போங்கள். வைரசுக்கு எதிரான குளிசை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

செயற்கைக் காலோடு ஒரு ஐயா எங்களிடம் வருவார். இல்லாத காலின் பெருவிரலை யாரோ முறுக்குவதுபோல் நோகிறது என்று அவர் நெடுங்காலம் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விசர் என்பார்கள் என்ற பயம். அறுந்த நரம்பும், அந்தக் காலை இன்னும் நினைவில் வைத்திருக்கிற மூளையும் சேர்ந்து தருகிற உண்மையான நோ அது. யுத்தம் இத்தனை பேரின் கால்களை எடுத்த மண்ணில், அந்த நோவை வாய்விட்டுச் சொல்ல யாரும் கூசக்கூடாது. தயவுசெய்து கிளினிக்கில் சொல்லுங்கள்.

பிரெகபலினைப் போதைக்காகத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்; பொலிசார் கைப்பற்றிய செய்திகளைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் துண்டு இல்லாமல் நாங்கள் தருவதில்லை. உண்மையான நோயாளியை அப்படி நிறுத்திக் கேட்பது எனக்கும் வருத்தம்தான், ஆனால் அதில் தளர்வு காட்ட முடியாது. மருந்துத் துண்டையும் கிளினிக் கொப்பியையும், கிரியேற்றினின் அறிக்கை இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். இந்தக் குளிசைகளைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், வியர்க்கும், நோ கூடிப் பாயும். கபாபென்ரின் வகையில் வலிப்பே வரலாம். நிறுத்த வேண்டுமானால் வைத்தியர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். அட்டை முடிகிற நாளில் வராமல், ஒரு கிழமை மிச்சம் இருக்கும்போதே வாருங்கள். எங்களிடம் இல்லாவிட்டாலும் எங்கே இருக்கிறது என்று கேட்டு எடுத்துத் தர அந்த ஒரு கிழமை போதும்.