டிராகன் இறக்கிவிட்டுப் போன மனிதன்

உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ என்ற மந்திர உலக நாவல் வரிசையில் முதல் மூன்றைப் படித்த இரண்டு பேரை உட்காரவைத்து நான்காவது புத்தகமான 'தெஹானு' எப்படி என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு உடனே சூடாகிவிடும். வரிசையிலேயே உயர்ந்தது அதுதான் என்பார் ஒருவர், அதை எழுதாமலே விட்டிருக்கலாம் என்பார் இன்னொருவர். ஏறக்குறைய இருபது வருட இடைவெளியில் நான் இந்த இரண்டு பேராகவும் இருந்திருக்கிறேன். அதனால் இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். (கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.)

முதல் புத்தகம் 1968-இல் வந்தது. இரண்டாவது 1971, மூன்றாவது 1972. ஆடு மேய்த்த சிறுவன் கெட், ரோக் தீவில் மந்திரம் கற்று, தன் நிழலோடு போராடி, கடைசியில் எர்த்ஸீ முழுவதற்கும் தலைமை மந்திரவாதி ஆகிறான், பிறகு உலகத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டு ஒரு டிராகனின் முதுகில் ஏறி வீட்டுக்குப் போகிறான். அங்கே மூன்றாவது புத்தகம் முடிகிறது. கோவில் மணி அடித்து ஓய்ந்த மாதிரி ஒரு முடிவு. அதற்குப் பிறகு 18 வருடம் ஒன்றும் இல்லை. 1990-இல்தான் உர்சுலா லெ குவின் 'தெஹானு'வைக் கொண்டுவந்தார். பதினைந்து வயதில் மூன்றாவதைப் படித்த வாசகர் முப்பத்துமூன்று வயதில் நான்காவதைப் பிரிக்கிறார், ஆனால் கதைக்குள்ளே அதே டிராகன், அதே பயணம், இப்போதுதான் வந்து இறங்குகிறது. அதன் முதுகில் இருப்பவர் தானாக நடக்கக்கூட முடியாத ஒரு மனிதர்.

அவரை வாங்கிக்கொள்பவள் டெனார். இரண்டாவது புத்தகத்தில் இருட்டுக் கல்லறைகளின் பூசாரிணியாக இருந்த சிறுமி இப்போது நடுவயது விதவை. விவசாயி ஒருவரைக் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, பண்ணையைப் பார்த்துக்கொண்டவள். கூடவே ஒரு குழந்தை, தெர்ரு. சொந்த ஆட்களாலேயே நெருப்பில் தள்ளப்பட்டு ஒரு பக்க முகமும் ஒரு கையும் வெந்துபோன குழந்தை. புத்தகத்தின் பெரும்பகுதி இந்த மூன்று பேரும் சமைப்பதும் ஆடு பார்ப்பதும் பயப்படுவதும்தான்.

முதல் தடவை கல்லூரியில் படிக்கும்போது எனக்கு இது பிடிக்கவே இல்லை. கோபமே வந்தது. டிராகன்களின் மொழி பேசிய மனிதர், புது அரசனின் ஆட்கள் கப்பலில் தேடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று ஓடி ஒளிகிறாரே! மலைக்கு மேலே போய் ஆடு மேய்க்கிறார். ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவிட்டார். இதற்காகவா மூன்று புத்தகம் படித்தோம் என்று தோன்றியது. இன்றைக்கும் இந்தப் புத்தகத்தைப் பிடிக்காதவர்கள் சொல்லும் முதல் குறை இதுதான், அதைச் சொல்பவர்களை எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர்கள் கெட்டை நேசித்தவர்கள்.

அப்புறம் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் பேசியே வாழ்ந்தவர். பேச்சு குழறியது. பழைய மாணவர்கள் பார்க்க வருவார்கள், நல்ல பிள்ளைகள், பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அப்பா உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டு "தூங்கறேன்னு சொல்லு" என்பார். அந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நேரமாகும். அந்த வருடம்தான் 'தெஹானு'வை மறுபடி எடுத்தேன். கெட் ஒளிந்துகொள்ளும் பக்கங்கள் வந்தபோது புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தன்னை முழுசாகப் பார்த்தவர்கள் முன்னால் பாதியாக நிற்பது எப்படி இருக்கும் என்பதை லெ குவின் எவ்வளவு நேராக எழுதியிருக்கிறார்! டெனாருக்கும் முதலில் பொறுமை இல்லை, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எரிச்சல்தான் வருகிறது. அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது.

இரண்டாவது குறை, இது கதையே இல்லை, பெண்ணியப் பிரசங்கம் என்பது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்ற பழமொழி முதல் புத்தகத்திலேயே இருக்கிறது, ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமே கிடையாது, அப்போது அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. முதல் மூன்றையும் ஆண்களை மையமாக வைத்த வீரக்கதை மரபில் எழுதியதாகவும், அந்த உலகத்தை ஒரு பெண்ணாக நின்று பார்க்கக் கற்றுக்கொள்ளும் வரை நான்காவது நகரவில்லை என்றும் லெ குவினே பின்னால் 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் விளக்கினார். ஆக, தான் கட்டிய வீட்டின் சுவரைத் தானே தட்டிப் பார்க்கிறார். அந்த வீட்டில் குடியிருந்த வாசகர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் பிரசங்கம் என்று சொல்பவர்கள் ஓகியன் சாகும் இடத்தை ஒரு தடவை திரும்பப் படிக்க வேண்டும். கெட்டின் பழைய குருநாதர் இறந்து கிடக்கிறார், இரண்டு மந்திரவாதிகள் வந்து உடலை எங்கே புதைப்பது என்று வாதாடுகிறார்கள், அவருடைய உண்மைப் பெயர் (எர்த்ஸீயில் அதை முழுசாக நம்புகிறவர்களிடம் மட்டும்தான் சொல்வார்கள்) யாருக்கும் தெரியாமலே போய்விட்டதே என்று ஒருவர் வருத்தப்படுகிறார். பக்கத்திலேயே நிற்கிறாள் டெனார். சாகும்போது அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது அவளிடம்தான். அய்ஹால் என்று அவள் சொல்கிறாள், இங்கேதான் புதைக்கச் சொன்னார் என்கிறாள். இந்தப் பெண் யார் என்பதுபோல் பார்க்கிறார்கள். இங்கே ஆசிரியர் குறுக்கே வந்து நியாயம் பேசவே இல்லை. துக்க வீட்டில் எல்லா வேலையும் பார்த்த பெண்ணை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு ஆண்கள் கூடி முடிவெடுப்பதைப் பார்த்த யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை. பிறகு மகன் ஸ்பார்க் கடலிலிருந்து வீடு திரும்பி, சாப்பிட்ட பாத்திரத்தை யாராவது பெண்பிள்ளை எடுப்பாள் என்று விட்டுவிட்டு எழுந்திருக்கும் இடம். பண்ணையில் பாத்திரம் கழுவுவதில் பங்கெடுப்பவர் முன்னாள் தலைமை மந்திரவாதி! எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான்.

ஆண்கள் எல்லாரும் கெட்டவர்களாக இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். அது சரியில்லை. இளம் அரசன் லெபானென் இருக்கிறான், ஓகியன் இருக்கிறார், வைக்கோல் அள்ளும் கவைக்கம்பை வைத்துக்கொண்டு ராத்திரியில் வீட்டைக் காப்பாற்றும் கெட் இருக்கிறார்.

மூன்றாவது குறைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. முடிவு. ஆஸ்பென் என்ற மந்திரவாதி டெனாரையும் கெட்டையும் மந்திரத்தால் கட்டி, அவளை நாய்போலத் தவழவைத்து, மலை விளிம்புக்கு ஓட்டிப் போகிறான், தெர்ரு டிராகனை அழைக்கிறாள், டிராகன் வந்து எரித்துவிடுகிறது. சில பக்கங்களில் எல்லாம் முடிந்துவிடும். திடீரென்று டிராகன் வந்தது என்று குறை சொல்வதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அதற்கான விதை முதலிலிருந்தே போடப்பட்டிருக்கிறது. நெசவாளர் ஒருவர் வீட்டில் ஒரு பட்டு விசிறி மாட்டியிருக்கும், ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் டிராகன்கள், வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். தெர்ரு யார் என்பது அந்த விசிறியிலேயே இருக்கிறது. எனக்குப் பிரச்சினை ஆஸ்பென்தான். அவன் பெண்களை வெறுக்கிறான், அவ்வளவுதான், அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் இல்லை. குளத்தங்கரை அரட்டை, தண்ணீர் கொண்டுவருவது, கதவைத் தாழிடுவது என்று பயத்தை இத்தனை நுணுக்கமாகக் காட்டிய புத்தகம், கடைசியில் அதை ஒரே ஆளின் தலையில் கட்டி எரித்துவிட்டது. ஸ்பார்க்கின் கழுவாத பாத்திரம் எனக்கு ஆஸ்பெனின் சாபத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது, அது எந்த டிராகன் வந்தாலும் எரியாது.

இத்தனைக்கும் புத்தகத்துக்கு அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் நெபுலா விருது கிடைத்தது, அதே துறையின் லோகஸ் விருதும் கிடைத்தது. விருது வாங்கியதால் வாசகர்கள் சமாதானமாகிவிடவில்லை, ஆக வேண்டியதும் இல்லை.

என்னிடம் இருப்பது பழைய பதிப்பு. எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம் என்று அதில் போட்டிருக்கும். அது உண்மையாகவில்லை, 2001-இல் ஒரு சிறுகதைத் தொகுப்பும் ஒரு நாவலும் வந்தன. அந்த நாவலில் டெனாரும் கெட்டும் இன்னும் வயதாகி வருகிறார்கள், தெஹானு (தெர்ருவின் உண்மைப் பெயர் அதுதான்) வளர்ந்திருக்கிறாள், ஆஸ்பென் மாதிரி ஒரு வில்லன் அதில் கிடையவே கிடையாது. அதை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இன்று ராத்திரி ஆரம்பிக்கிறேன்.