பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய லாட்ஜ்

திருநெல்வேலி ஜங்ஷனில் தங்குவது முன்பெல்லாம் யாரும் ஆசைப்பட்டுச் செய்கிற காரியமில்லை. கோர்ட்டு வாய்தாவுக்கு வந்தவர்கள், மெடிக்கல் ரெப்புகள், பாளையங்கோட்டைக் காலேஜில் பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பாக்கள் ஒரு ராத்திரி தலையைச் சாய்த்துவிட்டுப் போவார்கள். இந்த முறை நான் வேண்டுமென்றே அங்கே ரூம் போட்டேன். சுதந்திரத்துக்கு முன்னால் கட்டிய லாட்ஜ் ஒன்றை, கட்டியவரின் பேரன் புதுப்பித்து நடத்துகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

இந்த ஏரியாவே ஒரு பாலத்தால் வந்தது. தாமிரபரணிக்கு மேலே 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த முதலியார், ஊரில் வசூல் பண்ணிக் கட்டுவதாக இருந்த பாலத்துக்குத் தன் சொந்தப் பணத்தையே தூக்கிக் கொடுத்தார். இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. 1876-ல் ரயில் வந்தபோது ஸ்டேஷன் நெல்லையப்பர் கோயில் பக்கம் போகாமல் இங்கேதான் உட்கார்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அதன் பெயரே ‘தின்னவேலி பிரிட்ஜ்’. இறங்குகிறவன் இருந்தால் காப்பிக் கடையும் லாட்ஜும் தன்னால் வரும்.

அதே கணக்கில்தான் சரிவும். வெளியூர் பஸ்களை வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார்கள்; பாதிக் கூட்டம் போயிற்று. அப்புறம் ஸ்மார்ட் சிட்டி என்று ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்துப்போட்டு, திறக்கப் பல வருஷம் இழுத்தடித்தார்கள். சுற்றியிருந்த கடைக்காரர்கள் பட்ட பாட்டை இங்கே எந்த டீக்கடையில் நின்றாலும் கேட்கலாம்.

லாட்ஜில் மாடிப்படி அதே தேக்குப் படிதான். வராந்தாவில் சிவப்புச் சிமெண்ட் தரை, கால் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. ரூமுக்குள் மட்டும் டைல்ஸ், ஏசி, வெந்நீர். சாவியில் பித்தளை வில்லை தொங்குகிறது. நம்பர் தேய்ந்து, 8-ஆ 3-ஆ என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய ரிஜிஸ்டர் ஒன்றைக் கவுண்டரில் வைத்திருக்கிறார்கள். ‘வந்த காரியம்’ என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ‘கோர்ட்டு’, ‘கோர்ட்டு’, நடுவில் ஒருவர் ‘பெண் பார்க்க’. பொய் எழுதாத மனுஷன்.

மேனேஜர் பெரியவர். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டதும் எழுந்து வந்து படிக்கட்டைக் காட்டினார். “இந்தா, இந்த நாலாம் படி வரைக்கும் வந்துட்டு தம்பி. ரிஜிஸ்டரைத் தலையில வச்சிக்கிட்டு மேல ஓடுனேன். சோபா, கம்ப்யூட்டர் எல்லாம் போச்சு. இதுமட்டும் நின்னுச்சு பாத்தீயளா” என்று படியைத் தட்டினார்.

“இப்போ யார் அண்ணாச்சி வாராங்க?”

“எல்லாம் வந்தே பாரத் ஆளுங்கதான்.”

உண்மைதான். 2023 செப்டம்பரில் ஓட ஆரம்பித்த அந்த ரயில் சென்னையிலிருந்து ராத்திரி பத்தரை வாக்கில்தான் வந்து சேருகிறது; காலையில் 6 மணிவாக்கில் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் பாபநாசமோ திருச்செந்தூரோ போக முடியாது. நடந்து போகிற தூரத்தில் ஒரு சுத்தமான கட்டில் வேண்டும். பேரன் அதைப் பிடித்துக்கொண்டார். பழைய சாப்பாட்டுக் கூடத்தை மூடிவிட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே இப்போது பைக் நிற்கிறது. சொதியும் இஞ்சித் துவையலும் போட்டு நாலு மேஜை வைத்திருந்தால் சென்னைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள்.

தெருப் பக்க ரூம் வேண்டாம், விடிவதற்கு முன்னாலேயே ஹாரன் ஆரம்பித்துவிடும், பின்பக்கம் கேளுங்கள். காலை ரயிலில் திரும்புகிறவர்கள் அல்வாவை முந்தின சாயங்காலமே வாங்கிவிடுங்கள். டவுன் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், வரிசை நகர்வதற்குள் சரக்கு தீர்ந்தாலும் தீர்ந்துவிடும்.