காசு மறைந்த பிறகு இரண்டு விநாடி

மேஜிக் கற்க ஆரம்பித்த முதல் வருடம் முழுக்க நான் கண்ணாடியைத்தான் நம்பினேன். காசை இடது கைக்கு மாற்றுவதுபோல் காட்டி வலது கையிலேயே தங்கவைக்கும் ஒரே ஒரு அசைவை மாதக்கணக்கில் பழகினேன். கண்ணாடியில் பிசிறே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்த முதல் நிகழ்ச்சி ஒரு பிறந்தநாள் விழா. அதே அசைவைச் செய்து இடது கையை விரித்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் யாரும் வியக்கவும் இல்லை. மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டினார்கள், அவ்வளவுதான்.

நண்பர் எடுத்துவைத்திருந்த வீடியோவை அன்றிரவு பார்த்தேன். காசு கை மாறும் அந்தக் கணத்தில் நான் கண்ணை மூடித் திறக்கிறேன், ஒவ்வொரு தடவையும். கண்ணாடி முன் நின்றபோது இது எப்படித் தெரிந்திருக்கும்? பார்க்க வேண்டிய கண்ணே மூடியிருந்ததே! அதற்கப்புறம் பயிற்சியில் பாதியைக் கேமரா முன்னால் வைத்துக்கொண்டேன்.

வீடியோவில் அதைவிட உறுத்தியது என் பேச்சு. "இதோ ஒரு காசு. இதை இந்தக் கையில் வைக்கிறேன். இப்போது மூடுகிறேன்." எதிரே இருப்பவர் கண்ணால் பார்ப்பதையே வாயால் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். சீட்டுக்கட்டை எடுத்ததும் "இது சாதாரணக் கட்டுதான்" என்றேன். அதுவரை யாருக்கும் வராத சந்தேகத்தை நானே கிளப்பிவிட்டேன். கட்டை அவர்கள் கையில் கொடுத்துக் கலைக்கச் சொன்னால் போதும், அந்த வாக்கியமே வேண்டாம்.

ஜான் ராம்சே என்ற ஸ்காட்லாந்து வித்தைக்காரர் சொன்னதாக ஒரு பாடம் இந்தத் தொழிலில் வழங்குகிறது: பார்வையாளர் ஒரு பொருளைப் பார்க்க வேண்டுமானால் நீ அதைப் பார், உன்னைப் பார்க்க வேண்டுமானால் நீ அவர்களைப் பார். கவனத்தைத் திருப்புவது என்றால் கையை வீசி ஏமாற்றுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதைக் கேட்ட பிறகு காசு வித்தைக்கான பேச்சை முதல் வரியிலிருந்து திருத்தி எழுதினேன். காசைக் காட்டிவிட்டு எதிரே இருப்பவரிடம், "உங்கள் கையில் கடைசியாக யார் காசு வைத்து மூடினார்கள்?" என்று கேட்கிறேன். பதில் யோசிக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கிறார். நானும் அவரைப் பார்க்கிறேன். என் கைக்கு வேண்டிய நேரம் அங்கே கிடைத்துவிடுகிறது. சிலர் தாத்தாவைச் சொல்வார்கள், சிலர் முதல் சம்பளத்தைச் சொல்வார்கள். அப்புறம் மறைவது வெறும் காசு இல்லை, அவர்கள் இப்போதுதான் நினைத்துக்கொண்ட ஒன்று. மந்திரவாதியின் வேடத்தில் நடிக்கும் நடிகனே வித்தைக்காரன் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட்-ஹூடான் என்ற பிரெஞ்சு வித்தைக்காரர் எழுதிவிட்டார். அவர் கடிகாரத் தொழில் கற்று வித்தைக்கு வந்தவர். அத்தனை நுணுக்கமான கைவேலை தெரிந்தவரே நடிப்பை முன்னால் வைத்ததால் அந்த வார்த்தை எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது.

நிகழ்ச்சியில் பன்னிரண்டாக இருந்த ஐட்டங்களை ஐந்தாகக் குறைத்தேன். மேடைக்கு வருபவரின் பெயரைக் கேட்டு, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டி, நன்றி சொல்லி அனுப்பவும் பழகினேன். இவையெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன.

வராமல் நின்றது மௌனம். கை விரிந்து காசு இல்லை என்று தெரிந்த நொடியே அடுத்த ஐட்டத்துக்குத் தாவிவிடுவேன். பயம்தான் காரணம்: பேச்சை நிறுத்தினால் யாராவது மற்ற கையைக் காட்டச் சொல்லிவிடுவார்களோ என்று. ஆனால் பார்த்ததை நம்ப மனதுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தை நான்தான் பறித்துக்கொண்டிருந்தேன். அதனால் கையை விரித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். மேடையில் இரண்டு விநாடி எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சில மாதங்கள் கழித்து ஒரு குடும்ப விழாவில், முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "எங்க அண்ணன்" என்றார். கையை விரித்தேன். எண்ணினேன். அவர் எழுந்து வந்து, என் வெறும் உள்ளங்கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மற்ற கையை அவர் பார்க்கவே இல்லை. நானும் எண்ணுவதை விட்டுவிட்டு அப்படியே நின்றேன்.